அடுக்களையும் ஆண்டவன் சந்நிதியே

ஆசிரமங்களுக்கு வரும் இல்லறத்தார் துறவிகளிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ‘சுவாமி, காலையில் கண் விழித்தது முதல் இரவு தலை சாய்க்கும் வரை வேலை, வேலை என்றே பொழுது கழிந்துவிடுகிறது. இறைவனை நினைக்க நேரம் எங்கே?’ கேட்பவர் பெரும்பாலும், வீட்டில் அனைவருடைய தேவைக்கும் ஈடுகொடுத்து ஓய்ந்துபோன ஒரு தாயாராக இருப்பார். அல்லது, தொழிற்சாலையில் ஷிப்டு முறையில் உழைத்துவிட்டு, விடுமுறை நாளின் உறக்கத்தைத் தியாகம் செய்து சத்சங்கத்துக்கு வந்திருக்கும் ஓர் இளைஞராக இருப்பார். கேள்வியில் தொனிப்பது சோம்பல் அன்று, ஏக்கம். இறைவன் ஓய்வு உள்ளவர்களுக்கு மட்டுமே உரியவனோ என்ற ஏக்கம்.

இதற்கு அடுத்தபடியாக இன்னொரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் எளிதில் வாய்விட்டுக் கேட்பதில்லை. ‘துன்பம் வந்தபோது மனமுருகி வேண்டினேன், துன்பம் தீரவில்லை. அப்படியானால் என் நம்பிக்கை பொய்யா?’

இவ்விரு கேள்விகளையும் நூல் எழுதி அல்ல, வாழ்ந்தே எதிர்கொண்ட ஒருவர் பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்தில் இருந்தார். கிறிஸ்தவ உலகம் அவரைச் சகோதரர் லாரன்ஸ் என்று அழைக்கிறது. அவர் மதகுரு அல்லர். இறையியல் கற்றவரும் அல்லர். ஒரு மடத்தில் முதலில் சமையற்காரர், பிறகு செருப்புத் தைப்பவர். அவருடைய உரையாடல்களும் கடிதங்களும் அடங்கிய நூல், ஒரே மாலையில் படித்து முடித்துவிடக்கூடிய அளவுக்குச் சிறியது. ‘இறைச் சந்நிதிப் பயிற்சி’ என்ற பொருள்படும் தலைப்பில் அது பல மொழிகளில் வெளிவந்துள்ளது. படித்து முடிக்க ஒரு மாலை போதும். அதில் உள்ளதைக் கடைப்பிடிக்கத்தான் ஓர் ஆயுள் வேண்டும்.

இலையுதிர்ந்த மரம்

அவருடைய இயற்பெயர் நிக்கோலாஸ் ஹெர்மன். சுமார் 1614-ஆம் ஆண்டில் லொரேன் நாட்டில் உள்ள ஏரிமெனில் என்ற சிற்றூரில், வசதியற்ற குடும்பத்தில் பிறந்தார். இன்று பிரான்ஸின் கிழக்குப் பகுதியாக விளங்கும் லொரேன் அப்போது தனிச் சிற்றரசாக இருந்தது. ஐரோப்பாவை 1618 முதல் 1648 வரை சீரழித்த முப்பதாண்டுப் போர் அந்த நிலத்தை மிதித்துத் துவைத்தது. லொரேனின் தலைநகரான நான்சியைச் சேர்ந்த ஓவியர் ஜாக் கலோ, போரின் கொடுமைகளைச் செதுக்கோவியங்களாகத் தீட்டி 1633-இல் வெளியிட்டார். கொள்ளை, தீ, மரக்கிளையில் வரிசையாகத் தொங்கும் உடல்கள் என்று அவற்றைக் காண்பவர் மனம் பதறும். நிக்கோலாஸ் வளர்ந்த காலமும் இடமும் அவையே.

பதினெட்டு வயதில், ஒரு குளிர்காலத்தில், இலைகள் முழுவதும் உதிர்ந்து நின்ற மரம் ஒன்றை அவர் பார்த்தார். சில மாதங்களில் இதே மரத்தில் துளிர் தோன்றும், பூக்கும், காய்க்கும் என்ற எண்ணம் எழுந்தது. அந்தக் கணத்தில் இறைவனுடைய ஆற்றலும் பராமரிப்பும் பற்றிய ஓர் உணர்வு அவர் உள்ளத்தில் ஆழமாக இறங்கியது. அது பிறகு ஒருபோதும் அவரைவிட்டு நீங்கவில்லை என்று முதுமையில் அவரே கூறியிருக்கிறார்.

தர்க்கம் பயின்றவர்கள் இதில் என்ன இருக்கிறது என்று கேட்கக்கூடும். மொட்டை மரம் மீண்டும் தளிர்க்கும் என்பது வெறும் அனுமானம். எந்த உழவனுக்கும் தெரிந்த செய்தி. உண்மைதான். ஆனால் தெரிந்திருப்பது வேறு, தெரிந்தது உள்ளே இறங்குவது வேறு. எல்லாம் அழிந்துகொண்டிருந்த ஒரு நாட்டில், வெறுங்கிளையை ஓர் இளைஞர் முடிவாகப் பார்க்கவில்லை, ஒரு பருவமாகப் பார்த்தார் என்பதே இங்கே முக்கியம்.

அந்த அனுபவம் அவரை உடனே துறவியாக்கிவிடவில்லை. அவர் படைவீரரானார். காலில் காயம்பட்டது, வாழ்நாள் முழுவதும் நொண்டியே நடந்தார். பிறகு ஒரு செல்வரின் வீட்டில் பணியாளாகச் சேர்ந்தார். அங்கே தொட்டதையெல்லாம் உடைத்த ஒரு கைத்தவறலான ஆள் என்றே தம்மை அவர் நினைவுகூர்கிறார். சிறிது காலம் தனிமைத் தவத்தையும் முயன்று பார்த்தார், மனம் நிலைகொள்ளவில்லை. கடைசியில் 1640-இல் பாரிஸின் வோஜிரார் தெருவில் இருந்த கார்மேல் சபை மடத்தில் துணைச் சகோதரராகச் சேர்ந்தார். துணைச் சகோதரர்கள் பூசை நிகழ்த்துவதில்லை; மடத்தின் உடலுழைப்புப் பணிகள் அவர்களைச் சார்ந்தவை. தம்முடைய அசட்டுத்தனத்துக்கெல்லாம் மடத்தில் தோலை உரித்துவிடுவார்கள், அது தமக்குப் பிராயச்சித்தமாக அமையும் என்று எண்ணித்தான் வந்தாராம். ஆனால் கிடைத்ததோ நிறைவு. இறைவன் தம்மை ஏமாற்றிவிட்டதாகப் பின்னாளில் வேடிக்கையாகச் சொல்வார்.

பிடிக்காத வேலை

அவருக்கு ஒதுக்கப்பட்ட பணி சமையல். அவருக்கு இயல்பாகவே அறவே பிடிக்காத வேலையும் அதுதான். இந்த ஒரு செய்தியை வாசகர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஏனெனில் இவரைப் பற்றிப் பேசுபவர்களில் பலர், சமையலை விரும்பிய ஓர் எளிய பக்தர் என்பதுபோல் இவரைச் சித்தரித்துவிடுகிறார்கள். அப்படி இருந்திருந்தால் அவர் வாழ்க்கை நமக்கு அவ்வளவாகப் பயன்படாது. விரும்பிய வேலையை இறைவனுக்கு அர்ப்பணிப்பது எளிது. வெறுத்த வேலையில், நொண்டும் காலோடு, நாளெல்லாம் கல்தரையில் நின்றவர் இவர். அதுவும் ஓராண்டு ஈராண்டு அல்ல, ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள்.

மடத்துச் சமையல் என்றால் அமைதியான இடம் என்று எண்ணிவிட வேண்டாம். கார்மேல் சபையார் புலால் தவிர்ப்பவர்கள். நோயுற்றவர்களுக்கு மட்டுமே விலக்கு. மணியடித்தால் உணவு ஆயத்தமாக இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் பலர் வந்து பலவற்றைக் கேட்பார்கள். பாத்திரங்களின் ஓசை, புகை, அவசரம். இவற்றுக்கு நடுவே லாரன்ஸ் பரபரப்பதும் இல்லை, சோம்பியிருப்பதும் இல்லை என்று அவரை அறிந்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். தேவாலயத்தில் முழந்தாளிட்டிருக்கும்போது எப்படி இறைவனோடு இருந்தாரோ, அப்படியே அடுப்படியிலும் இருந்ததாக அவர் கூறினார்.

அவர் சார்ந்திருந்த மரபை வகுத்தவரான அவிலா நகரத்துப் புனித தெரேசாவும் (1515–1582), கீழ்ப்படிதலின் பொருட்டுச் சமையற்கட்டில் நிற்க நேரும் சகோதரிகள் மனம் தளர வேண்டாம், பானை சட்டிகளுக்கு இடையிலும் ஆண்டவர் உலவுகிறார் என்ற கருத்தை எழுதியிருக்கிறார். தெரேசா சொன்னதை லாரன்ஸ் செய்து பார்த்தார் எனலாம்.

செய்தது என்ன? முறை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தொடக்கத்தில் அவர் ஆன்மிக நூல்கள் பலவற்றைப் புரட்டினார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியைச் சொல்லிற்று. இவை தம்மைக் குழப்புமே தவிர உதவா என்று கண்டு, எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு ஒன்றே ஒன்றைப் பற்றிக்கொண்டார். இறைவன் இங்கே, இப்போது, தம்முடன் இருக்கிறார் என்று நம்பினார். அவரோடு உள்ளுக்குள் எளிய சொற்களில் பேசினார். வேலையைத் தொடங்குமுன் துணை கேட்பது, செய்யும்போது அவருக்காகச் செய்வது, முடிந்தபின் நன்றாக முடிந்திருந்தால் நன்றி கூறுவது, தவறாக முடிந்திருந்தால் மன்னிப்புக் கேட்பது. அதன்பின் அதையே நினைத்து மனத்தை அரித்துக்கொள்ளாமல் அடுத்த வேலைக்குப் போய்விடுவது.

இந்தக் கடைசிப் பகுதி நம்மில் பலருக்கு மிக அவசியமானது. தவறு செய்துவிட்டு, ‘நான் இப்படிப்பட்டவனா!’ என்று நாள்கணக்கில் நொந்துகொள்வதில் பணிவைப்போல் தோற்றம் காட்டும் அகங்காரம் ஒளிந்திருக்கிறது. லாரன்ஸ் தம் குறைகளைக் கண்டு வியப்படையவே இல்லை. இறைவன் கைவிட்டால் தம்மால் இதைத்தவிர வேறு எதுவும் செய்ய இயலாது என்று அவரிடமே ஒப்புக்கொண்டு, நிமிர்ந்து நடந்தார்.

வாணலியில் முட்டை அடையைத் திருப்பிப் போடுவதையும் இறைவன்மீது கொண்ட அன்புக்காகவே செய்ததாக அவர் கூறியது இன்று பரவலாக அறியப்படுகிறது. அது வெந்து முடிந்து, வேறு வேலை இல்லையெனில், தரையில் விழுந்து வணங்கிவிட்டு, ஓர் அரசனைக் காட்டிலும் மகிழ்ச்சியோடு எழுவாராம். எழுந்தவர் எங்கே போயிருப்பார்? அடுத்த பாத்திரத்துக்குத்தான்.

நூலை மொழிபெயர்க்க முனைவோர் இரண்டு சொற்களில் தயங்கி நிற்க நேரும். ஒன்று, தலைப்பிலேயே உள்ள சொல். தமிழ்க் கிறிஸ்தவர்கள் அதைப் ‘பிரசன்னம்’ என்பார்கள். இறைப்பிரசன்னம், தேவப்பிரசன்னம் என்பன அவர்களுடைய வழிபாட்டில் நன்கு பழகிய சொற்கள். நம் வாசகர்களுக்குச் ‘சந்நிதி’ அணுக்கமாக இருக்கும். ஆனால் சந்நிதி என்றதும் நமக்கு ஓர் இடம் நினைவுக்கு வருகிறது. செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், திரும்பி வந்துவிடும் இடம். லாரன்ஸ் குறிப்பது நாம் போகும் இடத்தை அன்று; எங்கு போனாலும் உடன்வரும் ஒருவரை. இன்னொன்று ‘ஆந்த்ரெத்தியென்’ என்ற பிரெஞ்சுச் சொல். உரையாடல் என்பது அதன் பொருள். இறைவனோடு அவர் நிகழ்த்தியதும் அதுவே. மடத்துக்கு வந்து அவரைச் சந்தித்தவர் பதிவு செய்தவற்றுக்கும் அதுவே தலைப்பு. அதே சொல்லுக்குப் பராமரிப்பு என்றும் பொருள் உண்டு. வீட்டை, தோட்டத்தை, எரியும் விளக்கை அணையாமல் பேணுவதும் ஆந்த்ரெத்தியெனே. உரையாடுவதும் பேணுவதும் ஒரு சொல்லுக்குள் அடங்கும் வாய்ப்பு நம் மொழியில் கிட்டவில்லை. ஆயினும் உறவுகள் பேச்சினால்தான் பேணப்படுகின்றன என்பதை எந்தக் குடும்பத்துக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பத்தாண்டு வறட்சி

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். லாரன்ஸைப் பற்றிய பேச்சுகள் வாணலியோடு நின்றுவிடுகின்றன. அவருடைய கடிதங்களில் ஒன்று வேறொன்றைச் சொல்கிறது. மடத்தில் சேர்ந்த பிறகு ஏறத்தாழ பத்து ஆண்டுகள் அவர் உள்ளுக்குள் மிகவும் துன்புற்றார். தாம் இறைவனுக்கு ஏற்றவர் அல்லர் என்ற அச்சம். பழைய பாவங்களின் நினைவு. பெற்ற அருள் எல்லாம் வெறும் கற்பனையோ என்ற ஐயம். தாம் கடைத்தேறமாட்டோம் என்ற எண்ணம். மனிதர்கள், அறிவு, இறைவன் ஆகிய அனைத்தும் தமக்கு எதிராக நிற்பதுபோலவும், விசுவாசம் ஒன்று மட்டுமே தம் பக்கம் நிற்பதுபோலவும் இருந்தது என்கிறார். அதாவது, அவர் சமையற்கட்டில் நின்ற ஆண்டுகளில் பெரும்பகுதி இந்த வறட்சியின் ஆண்டுகளே. வெளியே பிடிக்காத வேலை. உள்ளே ஒளியில்லாத மனம்.

‘விசுவாசம்’ என்ற சொல்லைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் நம்பிக்கை என்ற பொருளில் ஆள்கிறார்கள். நம் அன்றாடப் பேச்சில் அதற்கு வேறொரு நிறம் உண்டு. விசுவாசமான வேலைக்காரர், விசுவாசமுள்ள நாய் என்கிறோம். அங்கே அது ஒரு கருத்தை ஏற்றுக்கொள்வதைக் குறிப்பதில்லை. விட்டுப் போகாமல் நிற்பதைக் குறிக்கிறது. லாரன்ஸின் அந்தப் பத்தாண்டுகளைப் புரிந்துகொள்ள இந்த இரண்டாவது பொருளே நமக்குத் துணைபுரிகிறது. அவருக்கு அப்போது இனிய உணர்வு எதுவும் இல்லை, உறுதிப்பாடும் இல்லை. ஆனாலும் விட்டுப் போகவில்லை. நாள்தோறும் அடுப்பை மூட்டினார், நாள்தோறும் பேசினார், மறுமொழி வந்ததா என்று கணக்குப் பார்க்கவில்லை.

இவர் மடத்தில் சேர்ந்த மறு ஆண்டு, 1641-இல், அதே பாரிஸ் நகரத்தில்தான் தத்துவஞானி தெக்கார்த்தின் ‘தியானங்கள்’ முதன்முதலில் அச்சேறியது. ஐயத்துக்கு இடமில்லாத ஓர் உறுதியைக் கண்டடைந்து, அதன்மேல் எல்லாவற்றையும் எழுப்புவது அந்த நூலின் நோக்கம். மேலைத் தத்துவம் பயிலும் எவரும் அதைத் தாண்டாமல் போக முடியாது. ஆனால் அந்த உறுதி கிட்டும்வரை வாழ்க்கை காத்திருப்பதில்லை. உறுதி இல்லாதபோதே சோறு வடித்தாக வேண்டும், குழந்தையைத் தூங்கவைத்தாக வேண்டும், நோயாளியின் படுக்கையருகே அமர்ந்தாக வேண்டும். அந்த நேரத்துக்குரிய ஞானம் லாரன்ஸிடம்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு கட்டத்தில், வாழ்நாள் முழுவதும் இந்த நிலையே நீடித்தாலும் சரி, இறைவன்மீது கொண்ட அன்புக்காகவே செய்வதைச் செய்துகொண்டிருப்பது என்று அவர் தீர்மானித்துவிட்டார். அந்தத் தீர்மானத்துக்குப் பிறகு, எதிர்பாராத ஒரு நாளில், உள்ளம் முற்றிலும் மாறி ஆழ்ந்த அமைதி குடிகொண்டதைக் கண்டார். ஆனால் இதை ஒரு சூத்திரமாக எடுத்துக்கொள்ளக்கூடாது. அமைதியைப் பெறும் உத்தியாக அவர் சரணடையவில்லை. அமைதி வேண்டும் என்ற கோரிக்கையையே கைவிட்டார்.

இது கிறிஸ்தவ நற்செய்திக்குப் புறம்பான தனிப்பட்ட கண்டுபிடிப்பும் அன்று. இயேசு இவ்வுலகில் வாழ்ந்த ஆண்டுகளில் ஏறத்தாழ முப்பதைப் பற்றி நற்செய்தி நூல்கள் அநேகமாக மௌனம் சாதிக்கின்றன. நாசரேத்து என்னும் சிற்றூரில் தச்சராக அவர் உழைத்த ஆண்டுகள் அவை. மரம் அறுப்பதும் இழைப்பதுமாகக் கழிந்த அந்த நெடிய காலத்தை வீண் என்று எந்தக் கிறிஸ்தவரும் சொல்லமாட்டார். யோவான் எழுதிய நற்செய்தியில் அவருடைய முதல் அற்புதம் கானா ஊரின் கல்யாண வீட்டில் நிகழ்கிறது. விருந்தில் திராட்சை இரசம் தீர்ந்துபோய், வீட்டார் தலைகுனிய நேரும் ஒரு சாதாரணக் குடும்பச் சங்கடத்தில். லூக்காவின் நற்செய்தியில், சிலுவை நிகழ்ச்சிக்குப்பின் மனமுடைந்து எம்மாவூருக்கு நடந்துபோகும் இரு சீடர்களுடன் உயிர்த்தெழுந்த இயேசு வழித்துணையாக நடக்கிறார்; அவர்கள் அவரை அறியவில்லை. இரவு உணவில் அவர் அப்பத்தைப் பிட்டபோதுதான் அறிகிறார்கள். திருத்தூதர் பவுல் பிலிப்பியர்க்கு எழுதிய கடிதம் சிறையிலிருந்து எழுதப்பட்டது. ஆயினும் மகிழ்ச்சி என்ற சொல் அதில் திரும்பத் திரும்ப வருகிறது. பட்டறை, பந்தி, நடைவழி, சிறை என்று, கிறிஸ்தவ விசுவாசம் தொடக்கத்திலேயே அன்றாட வாழ்க்கையைத்தான் தன் இடமாகக் கொண்டிருந்தது. மார்த்தா மரியா கதையைக் கேட்டு, சமையல் செய்த மார்த்தாவை இயேசு கடிந்துகொண்டார் என்று வருந்தும் பெண்கள் உண்டு. அவர் கடிந்தது அவளுடைய வேலையை அன்று. வேலையில் அவள் பல கவலைகளாகச் சிதறிப்போனதையே. லாரன்ஸ், மரியாவின் மனத்தோடு மார்த்தாவின் வேலையைச் செய்தவர்.

அலையும் மனம்

பிறருக்கு அவர் எழுதிய கடிதங்கள் நடைமுறைக்கு ஏற்றவை. செபத்தில் மனம் அலைகிறதே என்று வருந்திய ஒருவருக்கு, அது எல்லோருக்கும் உள்ளதுதான் என்று ஆறுதல் சொல்கிறார். மனத்தோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். அமைதியாக அழைத்து வந்தால் போதும். அவர் கூறும் வழி எதிர்த்திசையில் இருக்கிறது. செப நேரத்தில் மனம் நிற்க வேண்டுமானால், மற்ற நேரத்தில் அதை வெகுதூரம் போகவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாளெல்லாம் அவிழ்த்துவிட்ட கன்று, கூப்பிட்டதும் கொட்டகைக்கு வருமா?

போர்ப்பணியில் இருந்த ஒருவரைக் குறித்து எழுதும்போது, அணிவகுத்து நடக்கும் வேளையிலும், கையில் வாள் இருக்கும்போதும், உள்ளத்தைச் சற்றே உயர்த்தினால் போதும். அது குறுகியதாக இருந்தாலும் இறைவனுக்கு ஏற்புடையதே என்று சொல்லியனுப்புகிறார். முன்னாள் படைவீரர் ஒருவர் தரும் அறிவுரை இது என்பதை மறந்துவிடக்கூடாது. ஆர்வ மிகுதியால் ஒரே பாய்ச்சலில் பக்குவம் அடைய விரும்பிய ஒரு பெண்மணியைப் பற்றி, அருள் நடக்கும் வேகத்தை மிஞ்சி ஓடப்பார்க்கிறார் என்று மெல்லிய நகைச்சுவையோடு குறிப்பிடுகிறார்.

மடத்துக்குத் தேவையான திராட்சை மது வாங்கிவர பர்கண்டிக்கும் ஓவெர்னுக்கும் அவரை அனுப்பினார்கள். வணிகப் பேச்சு அவருக்கு வராது. படகில் மிடாக்களுக்கு இடையே நடக்கக் கால் ஒத்துழைக்காது. அவற்றின்மேல் உருண்டு உருண்டுதான் நகர்ந்தார். இது உம்முடைய வேலை, நீரே பார்த்துக்கொள்ளும் என்று இறைவனிடம் சொல்லிவிட்டுப் போனதாகவும், எல்லாம் எப்படியோ நன்றாகவே முடிந்ததாகவும் கூறுகிறார். சமையற்பணிக்குப் பிறகு மடத்தாரின் செருப்புகளைப் பழுதுபார்க்கும் வேலை கிடைத்தது. அது அவருக்குப் பிடித்திருந்தது. பிடித்த அதையும் எந்த நேரத்திலும் விட்டுவிட ஆயத்தமாக இருந்தார்.

ஓரிடத்தில் மட்டும் அவரோடு முழுமையாக உடன்பட என்னால் இயலவில்லை. நோயுற்றவர்களுக்கு எழுதிய கடிதங்களில் அவர் மருத்துவத்தைவிட இறைவனையே நம்பச் சொல்கிறார். துன்பத்தை நீக்கும்படி அல்ல, தாங்கும் வலிமையைத் தரும்படி வேண்டச் சொல்கிறார். வலிமையை வேண்டுவது உயர்ந்த மனநிலை. ஆனால் அவர் கண்ட மருத்துவம் எது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இரத்தத்தை வெளியேற்றுவதும் பேதிக்குக் கொடுப்பதுமே அன்றைய பாரிஸ் மருத்துவர்களின் தலையாய சிகிச்சை. அவர்களை எள்ளி நகையாடியே மோலியேர் 1673-இல் ‘கற்பனை நோயாளி’ நாடகத்தை அரங்கேற்றினார். இன்று ஒரு பக்தர் நீரிழிவுக்கோ மன அழுத்தத்துக்கோ மருந்தை நிறுத்திவிட்டு லாரன்ஸை மேற்கோள் காட்டினால், அது லாரன்ஸுக்குச் செய்யும் அநீதி. அதுபோலவே, வீட்டில் கொடுமைக்கு ஆளாகும் ஒரு பெண்ணிடம் ‘சகித்துக்கொள், அதுவும் இறைப்பணிதான்’ என்று சொல்ல இவருடைய நூலை எடுத்தாள்வது பெரும் தவறு. நீக்கக்கூடிய துன்பத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். நீக்கமுடியாததோடு வாழ்வது எப்படி என்பதில்தான் இவர் ஆசான்.

மகிழ்ச்சியிலும் இவர் ஆசான் என்பதைச் சொல்லாமல் விட்டால் சித்திரம் இருண்டுவிடும். துன்பத்தில் இறைவனை நாடுவோர் பலர். மகிழ்ச்சியில் அவரை நினைப்பவர் குறைவு. லாரன்ஸுக்கு உள்ளே பெருகிய ஆனந்தம் சில வேளைகளில் கட்டுக்கடங்காமல் போனது. பிறர் கண்ணில் படாதிருக்க அதை அடக்கிவைக்க வழி தேடவேண்டியிருந்தது. அதே கால், அதே பாத்திரங்கள், அதே மடம். தரையில் கிடந்த ஒரு துரும்பை இறைவனுக்காகப் பொறுக்கியெடுப்பதும் அவருக்கு மனநிறைவைத் தந்தது.

1666 ஆகஸ்ட் 3 அன்று, ஜோசப் தெ போஃபோர் என்ற கற்றறிந்த மதகுரு இந்தச் சமையற்கார சகோதரரை முதன்முறையாகச் சந்தித்துப் பேசினார். கேட்டவற்றைக் குறித்துவைத்தார். பிற்காலத்தில் காம்ப்ரே நகரத்தின் பேராயரான ஃபெனலோன், லாரன்ஸ் கடுமையாக நோயுற்றிருந்தபோது அவரைக் கண்டு மரணத்தைப் பற்றி உரையாடினார். நோயாளி மிகுந்த உற்சாகத்தோடு இருந்ததை அவர் பின்னர் நினைவுகூர்ந்தார். அந்த நட்பே நூலுக்குச் சோதனையாகவும் அமைந்தது. ஃபெனலோனின் நூலிலிருந்து சில கருத்துகளைப் போப்பாண்டவர் 1699-இல் கண்டித்தபோது, லாரன்ஸின் பெயரும் பிரெஞ்சுக் கத்தோலிக்கர்களிடையே மங்கியது. எதிர் முகாமான சீர்திருத்தச் சபையார்தாம் அந்தச் சிறுநூலை ஏந்திக் காப்பாற்றினர். ஜான் வெஸ்லி தம்முடைய ‘கிறிஸ்தவ நூலகம்’ என்ற தொகுப்பில் அதைச் சேர்த்துக்கொண்டார்.

1691 பிப்ரவரி 6 என்று தேதியிட்ட கடிதமே அவருடைய கடைசிக் கடிதம். நோயாளியான ஒருவருக்கு ஆறுதல் கூறி எழுதப்பட்டது அது. இன்னும் சில நாள்களில் தாம் இறைவனைக் காண்போம் என்று நம்புவதாக அதில் இயல்பாகக் குறிப்பிடுகிறார். அடுத்து அவரும் படுக்கையில் விழுந்தார். என்ன செய்துகொண்டிருக்கிறீர் என்று சகோதரர் ஒருவர் கேட்டதற்கு, நித்திய வாழ்விலும் செய்யப்போவதையே இப்போதும் செய்துகொண்டிருப்பதாக மறுமொழி கூறினார். பிப்ரவரி 12 அன்று உயிர் நீத்தார். மறு ஆண்டே போஃபோர் அவருடைய எழுத்துகளில் கிடைத்தவற்றைத் திரட்டி அச்சிட்டார். வோஜிரார் தெருவில் அந்த மடத்தின் தேவாலயம் இன்றும் நிற்கிறது.